சத்தம் வைத்துக் கேட்டவள்

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் பாட்டுக் குழுத் தோழி கல்பனா வீட்டில் தின்ற கேக், தமயந்தி வீடு போய்ச் சேர்வதற்குள் வாந்தியாக வந்துவிட்டது. பைபாஸ் ஓரத்தில் டாக்ஸியை நிறுத்தச் சொல்லி இறங்கி, சாக்கடை ஓரமாகக் குனிந்து நின்றாள். மகள் பிரியங்கா முதுகைத் தடவிக்கொடுத்தாள். முட்டை கெட்டுப்போயிருக்கும் என்றாள். கேக்கில் ஒரு குறையும் இல்லை என்பது தமயந்திக்குத் தெரியும். அதைத் தின்ற வாய்தான் அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

அன்று சாயங்காலம் வரைக்கும் அந்தப் பாட்டுக் குழுவை நினைத்தாலே அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

தமயந்திக்குப் பிறவியிலேயே கட்டைக் குரல். கரக்பூர் ரயில்வே காலனியில் பாட்டு சொல்லிக்கொடுத்த டீச்சர், இது ஆம்பளைத் தொண்டை, இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய என்று அவள் அம்மாவிடம் நேராகவே சொல்லிவிட்டார். பாட்டு அதோடு நின்றது. கல்யாணமாகி, கணவன் மணிவேலுக்கு கார்டன் ரீச் ரயில்வே ஆபீசில் வேலை என்று அங்கே குவார்ட்டர்ஸுக்கு வந்த பிறகும், கொலு வைக்கிற வீடுகளில் பாடச் சொன்னால் தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லிச் சுண்டலை வாங்கிக்கொண்டு நழுவிவிடுவாள். பிரியங்கா படித்து, சால்ட் லேக் செக்டர் ஃபைவில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் கதை மாறியது. அவள் ஆபீசில் மேலதிகாரியாக இருந்த கல்பனா, சனிக்கிழமைகளில் காஸ்பல் என்கிற கிறிஸ்தவப் பாட்டுக் குழு ஒன்றில் பாடுகிறவள். ஆள் போதவில்லை, உன் அம்மா பாடுவார்களா என்று கேட்டிருக்கிறாள். பிரியங்கா விளையாட்டாக அம்மாவை இழுத்துக்கொண்டு போனாள்.

குழுவை நடத்துகிறவர் சந்தீப். ஒல்லியான மனிதர், நரைத்த குறுந்தாடி, எப்போதும் கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு. தேவாலயங்களில் பாடி வளர்ந்தவர். ஆனால் குழுவில் பாதிக்கு மேல் இந்துக்கள்தான். பாட்டுக்கு ஜாதகம் பார்க்கக்கூடாது என்பார். தமயந்தியை ஒரு வரி பாடச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையைத் தட்டினார். இப்படிக் கனமான ஒரு பெண்குரலைத்தான் இத்தனை நாள் தேடிக்கொண்டிருந்தேன், உங்கள் இடம் ஆல்ட்டோ, பெண்களில் கீழ்க்குரல் என்று சொல்லி, கல்பனாவுக்கு அடுத்தாற்போல நிறுத்திவைத்தார். கல்பனாவின் மெல்லிய குரல் மேலே ஏறும்போது தமயந்தியின் குரல் கீழே இருந்து அதைத் தாங்கும். முதல் நாள் அந்த இரண்டும் சேர்ந்த இடத்தில் அவளுக்கு உடம்பு சிலிர்த்துப்போயிற்று. அவளுடைய குரலுக்கு என்று உலகத்தில் ஓர் இடம் இருந்திருக்கிறது, அது யாருக்கும் தெரியாமலே இருந்திருக்கிறது.

அப்புறம் அந்த வருஷம் முழுவதும் சனிக்கிழமைகள்தான். குழுவில் அவள் தமயந்திதி, அதாவது தமயந்தி அக்கா; அவர் சந்தீப்தா, சந்தீப் அண்ணன். சாமி கும்பிட்டுவிட்டு, குழம்பை இறக்கிவைத்துவிட்டு, பஸ் மாறிப் பஸ் ஏறி சால்ட் லேக்குக்குப் போவாள். கிருபை, அன்பு, கைவிடாத கரம் என்று அந்தப் பாட்டுகளில் வருகிற வார்த்தைகள் அவளுக்கு அந்நியமாகப் படவில்லை. தெய்வம் ஒன்றுதான் என்று மணிவேலிடம் சொன்னாள். அவர், நீ சந்தோஷமாக இருந்தால் சரி என்றார். பயிற்சிக்கு வெளியேயும் போய்ப் பாடினார்கள். குடியிருப்பு பிளாக் விழாக்கள், ஒரு பள்ளிக்கூடம், நவம்பரில் சால்ட் லேக்கில் ஒரு முதியோர் இல்லம்.

அந்த முதியோர் இல்லத்து வீடியோதான் குழுவுக்குப் பெயர் வாங்கிக்கொடுத்தது. படுக்கையில் கிடக்கும் ஒரு வயதான அம்மாள், இவர்கள் பாடப்பாட, வலது கையை மேலே தூக்குகிறாள். தூக்கிய கையை இறக்கவே இல்லை. கடைசியில் கை மெல்ல விழுகிறது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறாள். கன்னத்தில் கண்ணீர் வழிகிறது. அந்த இடத்தைச் சந்தீப் மெதுவாக ஓடவிட்டு, 'எழுந்து நடக்க முடியாதவளும் கைதூக்கித் துதித்தாள்' என்று எழுத்துப் போட்டிருந்தார். ஊரெல்லாம் பார்த்தது. தமயந்தியும் போனில் பலமுறை பார்த்தாள். பார்த்தது எல்லாம் தன்னைத்தான். சிவப்புச் சால்வை தனக்கு எடுப்பாக இருக்கிறதா, வாய் கோணுகிறதா என்று. திருச்சியில் இருக்கும் தம்பிக்கும் அனுப்பிவைத்தாள்.

கல்பனா வீட்டில் அன்றைக்குக் கூடியது அந்த வருஷத்தைத் திரும்பிப் பார்க்கத்தான். கூடத்தில் விளக்குச் சரம், மேஜையில் கேக், சந்தேஷ் இனிப்பு, ஆரஞ்சுப் பழம். ஒவ்வொருவரும் இந்த ஒரு வருஷம் சேர்ந்து பாடியதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்று ஏற்பாடு. தமயந்தி தன் கட்டைக் குரலைப் பற்றி வங்காள மொழியில் நாலு வரி பிரியங்காவிடம் எழுதி வாங்கி, மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தாள். பேச்சுக்கு முன்னால் வீடியோவைப் போட்டார்கள். கல்பனாவின் வீட்டு டிவி சுவர் அகலம். இரண்டு பக்கமும் ஆளுயர ஸ்பீக்கர்கள்.

பாட்டு தணிந்து, வெறும் ஹம்மிங்காக வருகிற இடத்தில், அறைக்குள் யாரோ தமிழில் பேசியது போலிருந்தது. தமயந்தி திரும்பிப் பார்த்தாள். பிரியங்கா மாடியில் யாருடனோ இருந்தாள். கூடத்தில் அவளைத் தவிரத் தமிழ் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. மறுபடியும் அந்தக் குரல் வந்தது. டிவியிலிருந்துதான் வந்தது.

"ஒண்ணுக்குப் போணும்... யாராவது வாங்கோளேன்... ஒண்ணுக்கு..."

கை தூக்கிய அந்த அம்மாளின் உதடுகள் அசைந்தன. தூக்கிய கையின் விரல்கள் உள்பக்கமாக மடங்கி மடங்கி விரிந்தன. கூப்பிடுகிற கை. இதை எப்படி இத்தனை தடவை பார்த்தும் தெரியாமல் போயிற்று என்று தமயந்திக்குப் புரியவில்லை. பாட்டு மறுபடி உச்சிக்கு ஏறிக் குரலை அமுக்கிவிட்டது. உச்சியைத் தாங்கிப் பிடித்தது அவளுடைய ஆல்ட்டோதான். கை விழுந்தது. முகம் சுவர்ப்பக்கம் திரும்பியது. கண்ணீர். கூடத்தில் எல்லாரும் கைதட்டினார்கள்.

இன்னொரு தடவை போடுங்கள் என்றாள் தமயந்தி. ஆசையாகக் கேட்கிறாள் என்று நினைத்துப் போட்டார்கள். இந்தத் தடவை சந்தேகத்துக்கு இடமே இல்லை. அழுகை எதற்கு என்பதும் அவளுக்கு விளங்கிவிட்டது. அதற்குள் படுக்கை நனைந்திருக்கும்.

அவள் எழுந்து நின்று, அந்த அம்மாள் தமிழ்க்காரி, அவள் துதிக்கவில்லை, சிறுநீர் கழிக்கவேண்டும் என்று நம்மைக் கூப்பிட்டிருக்கிறாள் என்று வங்காளத்தில் தட்டுத் தடுமாறிச் சொன்னாள். கடைசி வரிசையில் நிற்கிற ஓர் ஆள் மூக்கால் சிரித்தான். நம் பாட்டைக் கேட்டால் அப்படித்தான் வரும் போலிருக்கிறது என்றான். இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். கல்பனா அவர்களை முறைத்துவிட்டு, தமயந்தியின் தோளில் கைவைத்து உட்காரவைத்தாள்.

சந்தீப் சிரிக்கவில்லை. துண்டைக் கழுத்தில் சரிசெய்துகொண்டு யோசித்தார்.

"தமயந்திதி, இது உங்களுக்கு மட்டும்தானே புரிஞ்சுது?" என்று கேட்டார்.

ஆமாம் என்றாள்.

"அப்ப விடுங்க. பார்த்தவங்க எத்தனை பேர் அழுதிருக்காங்க. அந்தக் கண்ணீர் பொய்யில்லையே."

அடுத்து உங்கள் முறை, ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றார்கள். கல்பனா ஒரு தட்டில் கேக்கை வைத்து அவள் கையில் திணித்தாள். தமயந்தி மனப்பாடம் செய்த நாலு வரியில் முதல் வரியைச் சொன்னாள். நல்ல வருஷம் என்று சொன்னாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்ததால் கேக்கையும் வாயில் போட்டுக்கொண்டாள். நெய்யும் ரம்மும் ஊறிய அந்தத் துண்டு தொண்டையில் இறங்கும்போதே, சந்தீப் உதட்டு ஓரத்துக் கேக் துணுக்கை நாக்கால் துழாவி எடுத்துக்கொண்டே அடுத்த ஆளைப் பேசச் சொன்னதைப் பார்த்தாள். பிறகு நடந்ததுதான் பைபாஸ் ஓரத்தில் நடந்தது.

மறுநாள் காலையில் மணிவேலிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் பேப்பரை மடித்துவைத்துவிட்டு, "போய்ப் பாரு. பாக்காம இருந்தா உனக்குச் சோறு எறங்காது" என்றார்.

முதியோர் இல்லம் நவம்பரில் பார்த்த மாதிரி இல்லை. அன்றைக்குப் பினாயில் அடித்து, ஊதுவத்தி கொளுத்தி, கட்டில்களைக் கேமராவுக்கு வாகாகத் திருப்பிப்போட்டிருந்தார்கள். இன்று மாடிப்படி ஏறும்போதே மூத்திர நாற்றமும் வேகவைத்த முட்டைக்கோஸ் நாற்றமும் சேர்ந்து முகத்தில் அடித்தது. தமயந்தி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். உடனே வெட்கமாகி எடுத்துவிட்டாள். எடுத்த பிறகு மறுபடி பொத்திக்கொண்டாள்.

அந்த அம்மாளின் பெயர் அனந்தலக்ஷ்மி. ஷெஃபாலி என்கிற ஆயா சொன்னாள். அங்கே எல்லாருக்கும் அவள் மாஷிமா, பெரியம்மா மாதிரி. கணவர் பேங்கில் பெரிய ஆபீசராக இருந்தவர், டாக்குரியாவில் சொந்த வீடு இருந்தது. நன்றாக வங்காளம் பேசுகிற மாஷிமாதான். பக்கவாதம் வந்ததிலிருந்து வங்காளம் முழுக்க மறந்துபோயிற்று, என்னவோ பாஷையில் பேசுகிறாள், எங்களுக்கு ஒன்றும் புரிவதில்லை என்றாள். பாட்டு நடந்த அன்று நீங்கள் எல்லாம் எங்கே இருந்தீர்கள் என்று தமயந்தி கேட்டாள். ஷெஃபாலி சுவரைக் காட்டினாள். ஆயாக்கள் எல்லாம் துவைத்த புடவை கட்டிக்கொண்டு சுவரோரம் வரிசையாக நின்று கைதட்டவேண்டும், படம் எடுத்து முடிகிறவரை யாரும் குறுக்கே நடக்கக்கூடாது என்று மேனேஜர் சொல்லியிருந்தாராம். மாஷிமா கூப்பிடுவது தெரிந்தது, ஆனால் நகரமுடியவில்லை என்றாள். அன்றைக்கு விரிப்பு மாற்றும்போது மாஷிமா முகத்தை மூடிக்கொண்டுவிட்டாளாம்.

தமயந்தி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "மாமி, நான் தமயந்தி. தமிழ்தான்" என்றாள்.

மாமி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பேச்சு குழறினாலும் கண் தெளிவாக இருந்தது. முதலில் தலையை வாரிவிடச் சொன்னாள். தலை சிக்குப் பிடித்து நாறிக்கிடந்தது. தமயந்தி மூச்சை அடக்கிக்கொண்டு வாரினாள். பிறகு நகம். பிறகு தண்ணீர். குருபிரசாத் தை மாசம் கூட்டிண்டு போறேன்னு சொல்லியிருக்கான், நீ அவனாண்ட பேசறயா, அவன் இவாகிட்டத்தான் போன் பண்றான், இவா என்ன சொல்றான்னே நேக்குப் புரியலை என்றாள். குருபிரசாத் ஒரே மகன். புனேயில் இருக்கிறான். பாட்டுப் பாடின கூட்டத்தில் தானும் இருந்ததைத் தமயந்தி சொன்னாள். மன்னிச்சுக்குங்க மாமி என்றும் சொன்னாள்.

"நீயா?" என்றாள் மாமி. "உங்க சத்தத்துல காது போயிடுத்து நேக்கு."

அவ்வளவுதான். அதற்கு மேல் கோபமும் இல்லை, மன்னிப்பும் இல்லை. வாரிய தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள்.

ஷெஃபாலியின் போனில் மகனுடைய நம்பர் இருந்தது. தமயந்தி வராந்தாவுக்குப் போய்ப் பேசினாள். தான் யார் என்று சொன்னதும் மரியாதையாகப் பேசினான். உங்கள் குழுவுக்கு நானே நன்றி சொல்லவேண்டும் என்று இருந்தேன் என்றான். அம்மா தை மாதம் வருவதை எதிர்பார்க்கிறார்கள் என்று சொன்னாள். அதை இப்போது தள்ளிப்போட்டிருப்பதாகச் சொன்னான். வீடியோவைப் பார்த்த பிறகு அம்மா அங்கேயே நிம்மதியாக இருக்கிறாள் என்று தெரிந்துவிட்டது, அவளை எதற்கு இடம் மாற்றிக் கஷ்டப்படுத்துவது என்று தானும் மனைவியும் முடிவு செய்ததாகச் சொன்னான்.

இவனுக்குத் தெரியாது, தெரிந்தால் துடித்துப்போவான் என்று நினைத்தாள். எப்படிச் சொல்வது என்று வார்த்தை தேடினாள்.

"தம்பி, அந்த வீடியோவைச் சத்தம் கூட்டி வச்சு ஒரு தடவை கேளுங்க. அம்மா என்ன சொல்றாங்கன்னு கேளுங்க."

மறுமுனையில் அவன் ஏதோ கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"கேட்டேன் மேடம்," என்றான். "எனக்குத் தமிழ் தெரியுமே."

அவளுக்கு முதலில் அர்த்தமாகவில்லை. அவன் நிதானமாகவே தொடர்ந்தான். "அது ஒரு நிமிஷ விஷயம் மேடம். அப்புறம் மாத்திவிட்டிருப்பா இல்லையா? அம்மாவைக் கொண்டுபோய் ஹோம்ல தள்ளிட்டான்னு சொந்தக்காரா எல்லாரும் என்னைக் கிழிச்சிண்டிருந்தா. இந்த வீடியோ போட்டதும் எல்லார் வாயும் அடைச்சுடுத்து. யாரு சத்தம் வச்சுப் பாக்கறா?"

தமயந்தி போனை வைத்துவிட்டாள். ஷெஃபாலியின் போன் திரையில் அவள் வியர்வை படிந்திருந்தது. அதை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். அவன் குரலில் திருட்டுத்தனம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். நல்ல பிள்ளையின் குரல் அது. வாரம் தவறாமல் இல்லத்துக்குப் போன் செய்து அம்மாவை விசாரிக்கிற பிள்ளையின் குரல். காதுக்குள் எதுவோ புழு போல ஊர்ந்த மாதிரி, வீடு வந்து சேரும்வரை காதைத் தேய்த்துக்கொண்டே வந்தாள்.

மாமியிடம் என்ன சொல்வது? மகனோடு பேசினேன், சொல்கிறேன் என்றான் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

சாயங்காலம் சந்தீப் போன் செய்தார். குரலில் உற்சாகம். நேற்று நீங்கள் சொன்னதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை என்றார். வீடியோவை எடுத்துவிட்டார் என்று நினைத்துத் தமயந்திக்கு ஒரு நொடி மனசு லேசாயிற்று. அவர் எடுத்தது வீடியோவை அல்ல. ஹம்மிங் வருகிற இடத்தில் பியானோவைச் சேர்த்து, அந்த அம்மாளின் குரலை மட்டும் சுத்தமாக நீக்கிவிட்டாராம்.

"இனிமே யார் கேட்டாலும் ஒண்ணும் கேக்காது," என்றார்.

நாளைக்குக் கிறிஸ்துமஸ், முதியோர் இல்லத்தில் மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள், சிவப்புச் சால்வையை மறந்துவிடாதீர்கள் என்றும் சொன்னார். தமயந்தி சரி என்றாள். அந்தச் சால்வை பீரோவில் இருந்தது. எடுத்து மோந்து பார்த்தாள். அவளுடைய வியர்வையும் பவுடர் வாசனையும்தான் வந்தது. ஆனாலும் அதைத் தோளில் போட மனசு வரவில்லை. தரை துடைக்கிற துணிகளோடு சேர்த்துப் பின்கட்டில் போட்டாள்.

கிறிஸ்துமஸ் அன்று குழு வருவதற்கு வெகு முன்பே அவள் இல்லத்துக்குப் போய்விட்டாள். ஷெஃபாலியை உட்காரவைத்து, மாமி எது சொன்னால் எது என்று சொல்லிக்கொடுத்தாள். தண்ணி. வலி. குளிர்றது. ஒண்ணுக்கு. ஷெஃபாலியின் நாக்கில் 'ஒண்ணுக்கு' புரளவில்லை. 'ஒன்னூக்கோ' என்றாள். மாமி படுத்தபடியே இரண்டு தடவை திருத்தினாள். மூன்றாவது தடவை, போறும், புரிஞ்சா சரி என்று விட்டுவிட்டாள்.

பிறகு மேனேஜர் வந்து ஆயாக்களைச் சுவரோரம் போகச் சொன்னார். கட்டில்கள் திரும்பின. ஊதுவத்தி புகைந்தது. குழு சிவப்புச் சால்வைகளோடு உள்ளே வந்து வரிசை கட்டியது. கல்பனா தனக்கு அடுத்த இடத்தைக் காலியாக வைத்துக்கொண்டு தமயந்தியைக் கண்ணால் கூப்பிட்டாள். தமயந்தி நகரவில்லை. மாமியின் கட்டில் ஓரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பெட்பேன் இருந்தது. கழுவியதுதான். ஆனாலும் வருஷக்கணக்கில் பழுப்பேறிப்போன பிளாஸ்டிக்.

கேமராக்காரர் சந்தீப்பின் காதில் ஏதோ சொன்னார். சந்தீப் சிரித்த முகமாகவே பக்கத்தில் வந்து குனிந்து, அதைக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிடுங்கள், ஃபிரேமில் வருகிறது என்றார்.

"வரட்டும்," என்றாள் தமயந்தி. "மாமிக்கு எப்ப வேணும்னாலும் வேண்டியிருக்கும்."

அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. பெட்பேனைப் பார்த்த கண் மட்டும் சுருங்கியது. கேமராவை வேறு பக்கம் திருப்பச் சொல்லிவிட்டுப் போனார்.

பாட்டு ஆரம்பித்தது. ஆல்ட்டோ இல்லாமல் கல்பனாவின் குரல் மேலே தனியாக ஆடிக்கொண்டிருந்தது. தமயந்தியின் தொண்டை தானாகவே தன் வரிக்குத் தயாரானது. அதை உணர்ந்ததும் அவளுக்குத் தன் தொண்டையின் மேலேயே அருவருப்பாக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். இரண்டாவது பாட்டின் நடுவில் மாமி அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஒண்ணுக்கு," என்றாள்.

தமயந்தி எழுந்து சுவர்ப்பக்கம் பார்த்தாள். ஷெஃபாலிக்குக் கேட்டுவிட்டது. மேனேஜரை ஒரு தடவை பார்த்தாள். பிறகு பாடுகிறவர்களுக்கும் கேமராவுக்கும் நடுவே நேராக நடந்துவந்தாள். இன்னொரு ஆயாவும் அவள் பின்னாலேயே வந்தாள். இருவரும் ஒரு படுக்கை விரிப்பைத் திரை மாதிரி பிடித்துக்கொண்டார்கள். தமயந்தி மாமியின் இடுப்பைத் தூக்கி, பெட்பேனை உள்ளே தள்ளினாள். இதற்கு முன் அவள் யாருக்கும் இதைச் செய்ததில்லை. மாமியின் தோல் பிசுபிசுத்தது. வாடை நேராக மூக்கில் ஏறியது. ஏறட்டும் என்று பிடித்துக்கொண்டு நின்றாள்.

பாட்டு நடுவிலேயே பிசிறி நின்றுபோயிற்று. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. முன்வரிசையில் ஒருத்தி சால்வை நுனியால் மூக்கை மூடிக்கொண்டதும், மற்றவர்களும் ஒவ்வொருவராக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அந்த அமைதியில் பெட்பேனில் விழுகிற சத்தம் எல்லாருக்கும் கேட்டது. நேற்று முன்தினம் மூக்கால் சிரித்த ஆள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். சந்தீப் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, கேமராவை அணைக்கும்படி கையை ஆட்டினார். விரிப்புக்கு மேலாக அவர் முகத்தைத் தமயந்தி பார்த்தாள். இந்த வருஷம் முழுவதும் அவரிடம் எத்தனையோ முகபாவம் பார்த்திருக்கிறாள். இது ஒன்றுதான் ஒப்பனை இல்லாத பாவம் என்று பட்டது.

மீதிப் பாட்டுகளை அவர்கள் பாடவில்லை. நேரமாகிவிட்டது, இன்னோர் இடத்துக்குப் போகவேண்டும் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு, காகிதத் தட்டுகளில் கேக்கை மட்டும் விநியோகித்தார்கள். மாமியின் கட்டிலுக்குக் கல்பனாதான் வந்தாள். தட்டை வைத்துவிட்டுக் கொஞ்சம் நின்றாள். ஏதாவது சொல்வாள் என்று தமயந்தி பார்த்தாள்.

"பிரியங்காகிட்ட சொல்லியிருந்தா நானே சந்தீப்தாகிட்டப் பேசியிருப்பேனே. இப்படியா செய்யறது, தமயந்திதி?" என்றாள்.

தமயந்தி பெட்பேனோடு குளியலறைக்குப் போனாள். கொட்டிக் கழுவி, கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது கீழே வேன் கிளம்புகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது மாமி கேக்கை விரலால் பிட்டு மோந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முட்டை போட்டதா?" என்றாள்.

"ஆமாம் மாமி."

"அப்ப நேக்கு வேண்டாம். நீ தின்னு."

"எனக்கும் வேண்டாம்," என்றாள் தமயந்தி. ஷெஃபாலி தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

மாமி விரலில் ஒட்டிய கேக்கைப் போர்வையில் துடைத்துக்கொண்டாள். பிறகு, "குருபிரசாத் என்ன சொன்னான்?" என்று கேட்டாள்.

தமயந்தி ஸ்டூலைக் கட்டிலுக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவன் சொன்னதை, ஒரு வார்த்தையையும் மாற்றாமல், மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள்.